499 பேர் இருந்தால் றோட்டு இல்லை

இந்தியாவில் உள்ள ஏதாவது ஒரு கிராமத்தின் பெயரைப் போட்டு இணையத்தில் தேடிப் பாருங்கோ. எந்த மாநிலம் என்றாலும் பரவாயில்லை. வாற பக்கம் ஏறத்தாழ ஒரே மாதிரித்தான் இருக்கும். சனத்தொகை இவ்வளவு, அதில் ஆண் இவ்வளவு, பெண் இவ்வளவு, வீடுகள் இத்தனை, எழுத்தறிவு இத்தனை வீதம். பஸ் வசதி உண்டு, அல்லது 5 முதல் 10 கிலோமீட்டருக்குள் உண்டு. கிட்டிய ரயில் நிலையம் 10 கிலோமீட்டருக்கு அப்பால். அவ்வளவுதான், ஊர் முடிஞ்சுது. 2011ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின் கிராம விவரத் தொகுப்பில் இருந்து அப்படியே இறக்கிய பக்கங்கள் இவை. ஊருக்குள் ஒரு மனிசர் கால் வைக்காமலே ஊரைப் பற்றி எழுதி முடிக்கிற வித்தை.

அந்தப் பக்கத்தில் இருக்கிற இரண்டு எண்களைப் பற்றித்தான் நாங்கள் கதைக்க வாறம். எத்தனை பேர், எவ்வளவு தூரம். பார்க்க இரண்டும் சும்மா தகவல் மாதிரித்தான் தெரியும். ஆனால் கடந்த இருபத்தைந்து வருசமாக இந்தியக் கிராமங்களில் முதலாவது எண்தான் இரண்டாவது எண் மாறுமா, மாறாதா என்று தீர்மானித்து வந்திருக்கிறது. ஆள் காணாத ஊருக்கு றோட்டு இல்லை. இது கணக்கு அல்ல, ஒரு தீர்ப்பு என்பது எங்கட வாதம்.

முதலில் அந்த ஏற்பாடு எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்பம். 2000ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் திகதி வாஜ்பாய் அரசு ‘பிரதான் மந்திரி கிராம் சடக் யோஜனா’ என்ற திட்டத்தைத் தொடங்கியது. சடக் என்றால் வீதி. மழை பெய்தாலும் வாகனம் போகக்கூடிய ஒரு வீதியை, அது இல்லாத கிராமக் குடியிருப்புகளுக்குப் போட்டுக் கொடுப்பது நோக்கம். எல்லாக் குடியிருப்புக்கும் அல்ல. சமவெளி என்றால் 500 பேராவது இருக்க வேண்டும். மலை, பாலைவனம், பழங்குடிப் பகுதி என்றால் 250 பேர். அதிலும் 1,000 பேருக்கு மேல் இருக்கிற ஊர்களுக்கு முதலிடம், அதற்குப் பிறகுதான் 500. எண்ணிக்கைக்கு ஆதாரம் 2001 குடிசன மதிப்பீடு. மாவோயிஸ்ட் பிரச்சினை உள்ள பகுதிகளில் மட்டும் பிறகு இந்த எல்லையை 100 பேர் வரைக்கும் இறக்கினார்கள். துப்பாக்கி இருக்கிற இடத்தில் 100 பேருக்கும் வீதி அவசியமாகத் தெரிந்திருக்கிறது, பாருங்கோ.

திட்டம் தோல்வி என்று நாங்கள் சொல்ல வரவில்லை. 7 லட்சம் கிலோமீட்டருக்கு மேல் வீதி போட்டிருக்கிறார்கள். சேறும் சகதியுமாக இருந்த எத்தனையோ ஊர்களுக்கு முதன்முதலாகத் தார் வந்தது. அது பெரிய வேலைதான். எங்கட கேள்வி அந்தக் கோட்டைப் பற்றியது. 500 பேர் என்றால் வீதி. சரி, 499 பேர் என்றால்?

இந்தக் கேள்வியை எங்களுக்கு முதலே ஆய்வாளர்கள் கேட்டுவிட்டார்கள், ஆனால் வேறு காரணத்துக்காக. சாம் ஆஷர், போல் நோவோசாட் என்ற இரண்டு பொருளியலாளர்கள் 2020இல் அமெரிக்கன் எக்கனொமிக் ரிவியூ சஞ்சிகையில் ஒரு கட்டுரை எழுதினார்கள். கோட்டுக்குக் கொஞ்சம் மேலே இருக்கிற ஊருக்கும் கொஞ்சம் கீழே இருக்கிற ஊருக்கும் உண்மையில் வித்தியாசம் ஒன்றும் இல்லை. ஒன்றுக்கு வீதி கிடைத்தது, மற்றதுக்குக் கிடைக்கவில்லை. ஆகவே இரண்டையும் ஒப்பிட்டால் வீதி என்ன செய்கிறது என்று அளக்கலாம் என்பது அவர்களின் யோசனை. ஆய்வு முறையாகப் பார்த்தால் கெட்டித்தனமான வேலை. ஆனால் இன்னொரு பக்கத்தால் வாசித்துப் பாருங்கோ: இரண்டு ஊருக்கும் வித்தியாசம் இல்லை என்பதுதான் அந்த ஆய்வின் அத்திவாரமே. வித்தியாசம் இல்லாத இரண்டு ஊரில் ஒன்றுக்குத் தார், மற்றதுக்குச் சேறு.

அந்த ஆய்வில் இன்னொரு விசயம் எங்களுக்குப் பிடித்தது. திட்டத்துக்காக ஊர்களில் இருந்து அனுப்பப்பட்ட சனத்தொகை எண்களை அவர்கள் பார்த்தபோது, 500ஐயும் 1,000ஐயும் கொஞ்சம் தாண்டிய இடங்களில் மட்டும் ஊர்கள் சந்தேகப்படும் அளவுக்குக் குவிந்து கிடந்தன. அதனால் அந்த எண்களை விட்டுவிட்டுக் குடிசன மதிப்பீட்டு எண்களைப் பயன்படுத்தினார்கள். கட்டுரையில் இதை ‘தரவுப் பிரச்சினை’ என்ற மாதிரி அடக்கமாகச் சொல்லிவிட்டுப் போகிறார்கள். எங்களுக்கு அது வேறு மாதிரித் தெரிந்தது. எங்கேயோ ஒரு பஞ்சாயத்து அலுவலகத்தில் ஒருவர் உட்கார்ந்து 480 பேரை 505 ஆக்கியிருக்கிறார். பொய்தான். ஆனால் அந்தப் பொய் இல்லாவிட்டால் அந்த ஊர்ப் பிள்ளையள் மழைக்காலத்தில் பள்ளிக்கூடம் போக முடியாது. இப்படி எழுதத் தெரிந்த ஆளும், எழுதிக் கொடுக்கச் செல்வாக்குள்ள ஆளும் இல்லாத ஊர்தான் உண்மையான எண்ணோடு அப்படியே நின்றிருக்கும்.

சரி, 500 பேர் இல்லாத குடியிருப்பில் யார் இருக்கிறார்கள்?

வட இந்தியாவில் கிராமம் என்றால் ஒரே கொத்தாக இருக்கிற வீடுகள் அல்ல. நடுவில் பெரிய ஊர், அதைச் சுற்றி வயலுக்கு அங்கால, குளத்துக்கு அங்கால, சின்னச் சின்ன டோலாக்கள். யார் நடுவில், யார் அங்கால என்பதைச் சாதி முதலே தீர்மானித்துவிட்டது. தமிழ்நாட்டில் ஊரும் காலனியும் பிரிந்து கிடக்கிற மாதிரித்தான். பிஹாரில் முஸஹர் சமூகத்தவரின் டோலா எப்பவும் ஓரத்தில் இருக்கும். மத்திய இந்தியாவிலும் ஒடிசாவிலும் ஆதிவாசிக் குடியிருப்புகள் காட்டோரமாக, 100 பேர், 150 பேர் என்று சிதறிக் கிடக்கும். நிலம் இல்லாதவர்களும் காட்டை நம்பி வாழ்கிறவர்களும் ஒரே இடத்தில் 500 பேராகச் சேர்ந்து இருக்க முடியாது, நிலமும் காடும் அவ்வளவு பேரைத் தாங்காது. ஆக ‘சின்ன ஊர்’ என்பது தற்செயல் அல்ல. அந்த ஆட்களை ஓரத்துக்குத் தள்ளிய அதே வரலாறுதான் அவர்களைச் சின்ன எண்ணாகவும் ஆக்கி வைத்திருக்கிறது. அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு ‘உங்களுக்கு ஆள் காணாது’ என்று அரசாங்கம் சொல்வது, தள்ளிவிட்டவரே வந்து ஏன் விழுந்தாய் என்று கேட்கிற மாதிரி.

திட்டத்தின் விதியில் இதற்கு ஒரு பரிகாரம் இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். 500 மீற்றருக்குள் இருக்கிற குடியிருப்புகளின் ஆட்களைச் சேர்த்து எண்ணலாம். ஆனால் அதே விதியின் மறுபக்கம், மழைக்கும் தாங்கும் வீதி ஒன்றில் இருந்து 500 மீற்றருக்குள் இருக்கிற குடியிருப்பு ஏற்கனவே ‘இணைக்கப்பட்டது’ என்று கணக்கு. மலை என்றால் ஒன்றரைக் கிலோமீட்டர் நடைதூரம். ஆடி ஆவணி மழையில், வயல் வரம்பில், காய்ச்சல்காரப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அரைக் கிலோமீட்டர் போனவருக்குத்தான் அந்த 500 மீற்றரின் நீளம் தெரியும்.

பிஹார் என்றதும் எல்லோருக்கும் ஞாபகம் வாறது தசரத் மாஞ்சி. கயா மாவட்டத்தின் கெஹ்லூர் கிராமம். மலையைக் கடக்கும்போது மனைவிக்கு நேர்ந்த விபத்துக்குப் பிறகு, உளியும் சுத்தியலும் எடுத்துக்கொண்டு 1960இல் தொடங்கி 1982 வரைக்கும், 22 வருசம், தனி ஆளாக மலையை வெட்டினார். சுமார் 110 மீற்றர் நீளம், 9 மீற்றர் அகலம். அத்ரிக்கும் வஜீர்கஞ்சுக்கும் இடையில் 55 கிலோமீட்டராக இருந்த தூரம் 15 ஆனது. 2015இல் கேதன் மேத்தா இதைப் படமாக எடுத்தார், நவாஸுத்தீன் சித்திக்கி நடித்தார். 2016இல் இந்திய அஞ்சல் துறை அவருக்கு முத்திரை வெளியிட்டது. 2007இல் அவர் இறந்தபோது அரச மரியாதை கிடைத்தது.

எங்கட வயசுக்காரர் இந்தப் படத்தை எப்படிப் பகிர்கிறார்கள் என்று பார்த்திருப்பீங்கள். காதலுக்காக மலையை உடைத்தவர், விடாமுயற்சிக்கு உதாரணம், மனம் இருந்தால் மார்க்கம் உண்டு, பின்னணியில் ஒரு பாட்டு. எங்களுக்கு இந்த வாசிப்பில் உடன்பாடு இல்லை. மாஞ்சி ஒரு முஸஹர், தலித், கூலி வேலை செய்தவர். அவர் 22 வருசம் செய்த வேலையை ஒரு அரசாங்கம் வெடிமருந்தும் இயந்திரமும் கொண்டு வந்தால் சில மாதத்தில் முடித்திருக்கலாம். முடிக்கவில்லை. படத்தில் நேரு காலம், இந்திரா காலம், அவசரகாலம் எல்லாம் பின்னால் ஓடிக்கொண்டிருக்க, ஒரு மனிதன் கல் உடைத்துக்கொண்டே இருக்கிறார். மேத்தாவின் படத்தில் எங்களுக்குப் பிடித்த இடமும் அதுதான். நாடு மாறிக்கொண்டே இருக்கும், மலை மாறாது. அதைப் பார்த்துவிட்டு ‘விடாமுயற்சி’ என்று மட்டும் சொல்வதென்றால், அரசாங்கத்துக்கு அதைவிட வசதியான விமர்சனம் வேறு இருக்க முடியாது. முத்திரை அடிக்கிற செலவு றோட்டுப் போடுகிற செலவைவிடக் குறைவு.

இப்ப அடுத்த சிக்கலுக்கு வருவம். வீதி வந்துவிட்டது என்று வைப்பம். பிறகு?

ஆஷரும் நோவோசாட்டும் கண்டது இது: வீதி வந்து நாலு வருசத்தில், விவசாயக் கூலியில் இருந்து வெளி வேலைக்குப் போகிறவர்களின் தொகை கூடியிருக்கிறது. ஆனால் விளைச்சல், வருமானம், வீட்டுச் சொத்து எதிலும் பெரிய மாற்றம் இல்லை. அவர்கள் இன்னொருவரோடு சேர்ந்து எழுதிய வேறொரு கட்டுரையில், வீதி வந்த ஊர்ப் பிள்ளைகள் நடுத்தர வகுப்புகளில் கூடுதலாகச் சேர்ந்தது தெரிந்தது. ஆக வீதியால் பலன் இல்லை என்பதல்ல. வீதி மட்டும் காணாது.

ஏன் காணாது என்பதற்கு ஒடிசாவின் காளாஹண்டி ஒரு சாட்சி. 2016 ஆகஸ்டில் அங்கே மாவட்ட ஆஸ்பத்திரியில் காசநோயால் இறந்த மனைவியின் உடலை ஒருவர் துணியில் சுற்றித் தோளில் வைத்துக்கொண்டு நடந்தார். பக்கத்தில் அழுதபடி 12 வயது மகள். ஊர் 60 கிலோமீட்டர் தூரத்தில். பத்துக் கிலோமீட்டர் அளவுக்கு நடந்த பிறகுதான் செய்தியாளர்கள் கண்டு, அம்புலன்ஸ் வந்தது. அந்தக் காணொளி உலகமெல்லாம் போனது. அதைத் திருப்பிப் பார்த்தால் ஒரு விசயம் கண்ணில் படும். அவர் காட்டுப்பாதையில் நடக்கவில்லை. நல்ல வீதியில் நடக்கிறார். மோட்டார் சைக்கிள்கள் பக்கத்தால் போகின்றன. அரசாங்கத்தின் கணக்கில் அது இணைக்கப்பட்ட இடம். வீதி இருந்தது, அதில் அவரை ஏற்றிச் செல்ல ஒன்றும் இருக்கவில்லை.

வீதி போட்டதும் முதலில் வாறது பஸ் அல்ல. வசதி உள்ளவர் வீட்டு மோட்டார் சைக்கிள் வரும். பிறகு ஷெயார் ஆட்டோ, ஜீப், டெம்போ வரும். ஜீப்காரருக்கு நேரசூசி கிடையாது. ஆள் நிறைந்தால்தான் வண்டி எடுப்பார், அவரைக் குற்றம் சொல்லவும் முடியாது, டீசல் காசு அவருடையது. 3,000 பேர் இருக்கிற ஊரில் ஜீப் பத்து நிமிடத்தில் நிறையும். 300 பேர் இருக்கிற ஊரில் விடிய ஒருக்கா, சந்தை நாளில் ரெண்டு தரம், அவ்வளவுதான். பஸ் விடுகிறவர்களும் வசூலைத்தான் பார்ப்பார்கள். ஆக அதே எண் இரண்டாம் தரமும் வந்து அடிக்கிறது. முதல் தரம் றோட்டு இல்லை என்றது, இப்ப றோட்டில் வண்டி இல்லை என்கிறது.

வண்டியை ஊரவர்களே வைத்திருக்கலாமே என்று கேட்கலாம். 2011 குடிசன மதிப்பீட்டின்படி இந்தியக் கிராமப்புற வீடுகளில் சைக்கிள் இருந்தது சுமார் 46 வீதத்தில். மோட்டார் சைக்கிளோ ஸ்கூட்டரோ இருந்தது 14 வீதத்தில். கார், ஜீப், வான் 2 வீதத்துக்குக் கொஞ்சம் கூட. இன்றைக்கு மோட்டார் சைக்கிள் நிச்சயம் கூடியிருக்கும். ஆனால் அது யாருடைய கையில் இருக்கும்? வீட்டில் ஒரு மோட்டார் சைக்கிள் இருக்கிறதென்றால் வீட்டில் ஒரு ஆம்பிளைக்கு மோட்டார் சைக்கிள் இருக்கிறது என்றுதான் பெரும்பாலும் அர்த்தம். அவர் வேலைக்குப் போனால் மற்ற எல்லோரும் பழையபடி நடைதான்.

தூரத்தைப் பெண்பிள்ளைகள் எப்படி அனுபவிக்கிறார்கள் என்பதற்கு நல்ல சாட்சியும் பிஹாரில் இருந்துதான் வருகிறது. 2006இல் அந்த மாநில அரசு 9ஆம் வகுப்பில் சேர்கிற பெண்பிள்ளைகளுக்குச் சைக்கிள் வாங்க 2,000 ரூபாய் கொடுக்கத் தொடங்கியது. கார்த்திக் முரளிதரன், நிஷித் பிரகாஷ் இருவரும் இதை ஆராய்ந்து 2017இல் வெளியிட்டார்கள். பெண்பிள்ளைகளின் உயர்நிலைச் சேர்க்கை 32 வீதம் கூடியது, ஆண் பெண் இடைவெளி 40 வீதம் குறைந்தது. பள்ளிக்கூடம் தூரமாக இருந்த ஊர்களில்தான் பலன் அதிகம். ஒரு சைக்கிள்! புதுப் பள்ளிக்கூடம் கட்டவில்லை, பாடத்திட்டம் மாற்றவில்லை. ‘எங்கட சனத்துக்குப் பொம்பிளைப் பிள்ளையளைப் படிப்பிக்க விருப்பம் இல்லை’ என்று மேடையில் பேசுகிற பெரியவர்களுக்கு இதை வாசித்துக் காட்ட வேண்டும். கூட்டமாகப் பெண்பிள்ளைகள் சைக்கிளில் போகிற வீதி, ஒருத்தி தனியாக நடக்கிற வீதியைவிடப் பாதுகாப்பானது என்பதும் இதில் சேர்த்தி.

தமிழ்நாட்டையும் பார்ப்பம். பஸ் விசயத்தில் இந்தியாவில் முன்னணியில் இருக்கிற மாநிலம் அது. 2021 முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. நாங்கள் மனதார வரவேற்கிற திட்டம். ஆனால் நீலகிரி, கொடைக்கானல், வால்பாறை போன்ற மலைப்பகுதிகளுக்கு அதை 2024இல்தான் விரித்தார்கள். பஸ்ஸே போகாத ஊருக்கு இலவசப் பயணம் என்பது கடை இல்லாத ஊருக்குக் கொடுத்த கூப்பன். 2023 மே மாதம் வேலூர் மாவட்டம் அணைக்கட்டுப் பக்கம் அல்லேரி மலையில் ஒன்றரை வயதுக் குழந்தையைப் பாம்பு கடித்தது. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர முதலே குழந்தை இறந்தது. பிரேத பரிசோதனை முடிந்து உடலைக் கொண்டுவந்த அம்புலன்ஸ், அதற்கு மேல் வீதி இல்லை என்று இடைவழியில் இறக்கிவிட்டுத் திரும்ப, தாய் குழந்தையைக் கையில் ஏந்தி நடந்தார். இந்தியாவின் தொழில்மயமான மாநிலங்களில் ஒன்று, மாவட்டத் தலைநகரில் பேர்பெற்ற மருத்துவக் கல்லூரி.

அந்த மாதிரி இடங்களில் அதிகாரிகள் சொல்கிற காரணம் பெரும்பாலும் காட்டுச் சட்டம். வனத்துறை அனுமதி இல்லை, அதனால் வீதி இல்லை. கேட்க நியாயமாக இருக்கும். ஆனால் 2006 வன உரிமைச் சட்டத்தின் 3(2)ஆம் பிரிவு இதற்கென்றே இருக்கிறது. வீதி, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி உட்பட 13 வசதிகளுக்கு, கிராம சபை பரிந்துரைத்தால், ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேயருக்குக் குறைவான காட்டு நிலத்தை ஒதுக்கலாம், ஹெக்டேயருக்கு 75 மரத்துக்கு மேல் வெட்டக்கூடாது. ஐந்து மீற்றர் அகலமான பாதை என்றால் ஒரு ஹெக்டேயரில் இரண்டு கிலோமீட்டர் வரும். ஒரு மலை ஊரின் முழுத் தூரத்துக்கும் அது காணாமல் போகலாம், ஆனால் தொடங்கக் காணும். சட்டம் இருக்கிறது, அதைத் தூக்கிக்கொண்டு அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்க 300 பேரில் யாருக்கு நேரம் இருக்கிறது என்பதுதான் கேள்வி.

இனி எங்களோடு உடன்படாதவர்களின் வாதம். காசு அளவானது, எங்கேயாவது கோடு போடத்தான் வேண்டும், கூட ஆட்கள் இருக்கிற இடத்துக்கு முதலில் செய்வது நியாயம். இதை நாங்கள் தட்டிக் கழிக்கவில்லை. 2024 செப்டெம்பரில் இந்திய அமைச்சரவை அதே வீதித் திட்டத்தின் நாலாம் கட்டத்துக்கு அனுமதி கொடுத்தது: 25,000 குடியிருப்புகள், 62,500 கிலோமீட்டர், 70,125 கோடி இந்திய ரூபாய். வகுத்துப் பார்த்தால் ஒரு குடியிருப்புக்குச் சராசரி இரண்டரைக் கிலோமீட்டர், சுமார் 2.8 கோடி ரூபாய். 300 பேருக்கு 2.8 கோடியா என்று கேட்டால் பெரிய தொகைதான். ஆனால் அதே நாடு மும்பைக்கும் அகமதாபாத்துக்கும் இடையில் 508 கிலோமீட்டருக்கு அதிவேக ரயில் போடுகிறது, தொடக்க மதிப்பீடே 1 லட்சத்து 8 ஆயிரம் கோடி. அதன் ஒரு கிலோமீட்டர் செலவில் 75 குடியிருப்புகளுக்கு வீதி போடலாம். அது பெரும்பாலும் ஜப்பான் கடன், இரண்டையும் ஒப்பிடக்கூடாது என்பார்கள். இருக்கட்டும். கடன் வாங்கத் தகுதியான தூரம் எது, காத்திருக்க வேண்டிய தூரம் எது என்று யாரோ ஒருவர் தெரிவு செய்திருக்கிறார் என்பதைத்தான் சொல்கிறோம்.

வரிசை வைப்பதில் எங்களுக்குப் பிரச்சினை இல்லை. 1,000 பேர் முதலில், 500 பேர் பிறகு, 100 பேர் அதற்குப் பிறகு என்றால் அது வரிசை. 500உடன் புத்தகத்தை மூடினால் அது விலக்கல். பிஹார் மாநிலமே 250 முதல் 499 பேர் வரை உள்ள குடியிருப்புகளுக்கு ஒரு திட்டமும், பிறகு 100 முதல் 249 பேர் வரை உள்ள டோலாக்களுக்கு இன்னொரு திட்டமும் போட்டது. ஏழை மாநிலம் என்று பெயர் எடுத்த மாநிலம் அது. ஆக கோட்டை இறக்க முடியாது என்பது உண்மையல்ல. பஸ் விசயத்திலும் அப்படித்தான். 2023இல் ஒடிசா பஞ்சாயத்துகளை வட்டாரத் தலைமையிடங்களோடு இணைக்க அரசாங்க பஸ் சேவை ஒன்றைத் தொடங்கியது. தமிழ்நாடு 1997இல் தொடங்கிய மினிபஸ் திட்டத்தை 2025இல் புதுப்பித்திருக்கிறது, ஆனால் அது தனியார் கையில். வசூல் இல்லாத தடத்தைத் தனியார் எத்தனை நாள் ஓட்டுவார் என்ற சந்தேகம் எங்களுக்கு உண்டு.

இதில் வேடிக்கை, நாலாம் கட்டத் திட்டத்துக்கு எண்ணிக்கை ஆதாரம் 2011 குடிசன மதிப்பீடு. 2021இல் நடக்க வேண்டியது நடக்கவில்லை. அடுத்தது 2027 மார்ச் 1ஐக் கணக்கு நாளாக வைத்து நடக்கப் போகிறது. 2011இல் 460 பேராக இருந்த ஒரு சமவெளிக் குடியிருப்பில் இப்ப 600 பேர் இருக்கலாம். பிறந்து, வளர்ந்து, 9ஆம் வகுப்புக்கு நடந்து போகிற வயசு வந்த பிள்ளைகள்கூட அந்த எண்ணில் இல்லை.

எண்ணுகிற முறையிலேயே இன்னும் இரண்டு ஓட்டை இருக்கிறது. கிராம விவரத் தொகுப்பில் ஒரு வருவாய்க் கிராமத்துக்கு ஒரு வரிதான். நடு ஊரில் பஸ் நின்றால், இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கிற டோலாவுக்கும் ‘பஸ் உண்டு’. ஒரு நாளைக்கு ஒரு பஸ் வந்தாலும் உண்டு, இருபது வந்தாலும் உண்டு. இரண்டாவது ஓட்டை, வேலைக்கு எவ்வளவு தூரம், எதில் போகிறீர்கள் என்ற கேள்வி. 2011இல் அதைக் கேட்டார்கள், ஆனால் ‘ஏனைய தொழிலாளர்’ என்ற பிரிவினரிடம் மட்டும். சொந்த நிலத்தில் பயிர் செய்கிறவர், விவசாயக் கூலிகள், குடிசைத் தொழில் செய்கிறவர்களிடம் கேட்கவில்லை. நாற்று நடப் பக்கத்து ஊருக்கு விடியக்காலையில் நடந்து போகிற பெண்ணின் தூரம் எந்த அட்டவணையிலும் இல்லை.

2027இல் சாதியையும் எண்ணப் போகிறார்கள். 1931க்குப் பிறகு முதல் தடவையாக எல்லாச் சாதியையும். அதோடு சேர்த்து டோலா டோலாவாக மூன்று கேள்வி கேட்கலாம்: முதல் வண்டி எத்தனை மணிக்கு, கடைசி வண்டி எத்தனை மணிக்கு, அது நிற்கிற இடத்துக்கு மழைக்காலத்தில் எவ்வளவு நேரம் நடக்க வேண்டும். கேட்கிற அலுவலருக்கு ஐந்து நிமிடம் கூடச் செலவாகாது. அவர் நடந்துதான் அந்த டோலாவுக்குப் போய்ச் சேர்ந்திருப்பார் என்றால், மூன்றாவது கேள்விக்கான பதிலை அவரே எழுதிக்கொள்ளலாம்.